மடங்கி நிற்கும் விரலுக்கு ஸ்பிளின்ட்டா, ஊசியா, ஆபரேஷனா?

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களிடம் பேசிப் பாருங்கள், காலையில் எழுந்தால் மோதிர விரலோ கட்டை விரலோ மடங்கியே நிற்கிறது, இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்தினால் டக்கென்று சொடுக்கி விடுகிறது என்று யாராவது சொல்வார்கள். நாளெல்லாம் கத்தரிக்கோல் பிடிக்கிற கைதானே என்று விட்டுவிடுகிறார்கள். வேலையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை இருந்தால், வைத்தியத்தைத் தேடும் முன் உங்கள் சர்க்கரையைப் பாருங்கள்.

பெற்றோருக்குச் சர்க்கரை இருப்பதாலேயே விரல் மடங்கிவிடாது. அவர்களிடமிருந்து வருவது சர்க்கரை வருகிற வாய்ப்பு. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் ஏறி நின்றால் அது தசைநாரிலும் அதைச் சுற்றிய உறையிலும் உள்ள கொலாஜன் புரதத்தோடு ஒட்டி அதை விறைக்க வைக்கும், விரலின் அடியில் உறை தடித்துப்போகும், ஊசிக் காதில் முடிச்சு விழுந்த நூல் மாதிரி தசைநார் அங்கே சிக்கிக்கொள்ளும். இதைத்தான் டாக்டர்கள் டிரிக்கர் ஃபிங்கர் என்பார்கள். பொதுவாக 100 பேரில் 2, 3 பேருக்கு வாழ்நாளில் வருகிற இது, சர்க்கரை உள்ளவர்களில் 10 பேருக்கு வரை வருகிறது. சர்க்கரை இருப்பதே தெரியாத நிலையில் கை முதலில் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

என் சித்தியிடம் "டெஸ்ட் எடுத்தீளா?" என்று கேட்டால் "எனக்கு என்னல சீக்கு, விரலுதான மடங்குது" என்பாள். பாட்டிக்குச் சர்க்கரை, பெரிய மாமாவுக்கும் சர்க்கரை. இந்த பதில்தான் எனக்குப் பயம்.

வெறும் வயிற்றில் 126, அல்லது மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி 6.5, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய்தான் (இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்வார்கள்). எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. இந்த எண் கையில் இருந்தால்தான் கீழே உள்ள மூன்றில் எது உங்களுக்கு என்று பேசவே முடியும்.

ஸ்பிளின்ட் (விரல் மடங்காமல் பிடித்து வைக்கிற பட்டை): செலவு குறைவு, பக்கவிளைவு என்று பெரிதாக இல்லை. இரவில் விரலை நீட்டியபடி கட்டி வைக்க வேண்டும், சில வாரங்கள் விடாமல். புதிதாக ஆரம்பித்த சிக்கலுக்கு நல்லது, பல மாதமாகப் பூட்டிக்கொள்கிற விரலுக்குப் பெரிதாக நம்ப வேண்டாம். பகலில் போட்டுக்கொண்டு இலை வெட்ட முடியாது என்பதும் உண்மை.

ஸ்டீராய்டு ஊசி: சர்க்கரை இல்லாதவர்களுக்கு இதுதான் என் முதல் தேர்வு, பலருக்கு ஒரே ஊசியில் சரியாகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை, திரும்ப வருவதும் அதிகம், போதாததற்கு ஊசி போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும். இன்சுலின் போடுகிறவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்காமலே ஊசி போட்டுக்கொண்டு, பலிக்கவில்லை என்று மறுபடி மறுபடி போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஒன்றிரண்டு ஊசிக்குக் கேட்கவில்லையென்றால் நிறுத்திவிடலாம்.

ஆபரேஷன்: பெயரைக் கேட்டுப் பயப்படுகிற அளவுக்கு இல்லை. உள்ளங்கையில் மட்டும் மரக்க ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, தடித்த உறையை வெட்டிவிடுவார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நிலைத்த தீர்வு என்று பார்த்தால் நான் இதன் பக்கம்தான். ஆனால் சர்க்கரை ஏறியிருக்கும்போது செய்தால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கலாம், அதனால் முதலில் அதை இறக்க வேண்டும். தையல் பிரிக்கும் வரை கை நனையக் கூடாது. இலையை நனைத்துச் சுற்றுகிறவருக்கு அத்தனை நாள் கூலியும் போகும், அதை வீட்டில் முன்னாலேயே பேசி வையுங்கள்.

அப்புறம் எண்ணெய் போட்டு நீவுவது. சுகமாக இருக்கும், சரி, ஆனால் பூட்டிய விரலை வலுக்கட்டாயமாக இழுத்து நிமிர்த்த யாரையும் விடாதீர்கள்.

விரல் மடங்கிப் பூட்டிக்கொள்ளாமல், இரவில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்துப்போய், சுண்டுவிரல் நன்றாக இருந்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிற வேறு சிக்கல். அதுவும் சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம், ஆனால் வைத்தியம் வேறு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பக்கத்து கிளினிக்குக்குப் போனாலும் "கை வலிக்குது" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தெந்த விரல், எந்த நேரம், வீட்டில் யார் யாருக்குச் சர்க்கரை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.