தீபாவளி அடுப்படிக்குத் திருகு முறுக்கு அச்சு: வாங்கலாமா?

தீபாவளிக்கு முந்தின ராத்திரி அடுப்படியில் நிற்கிறவர் யார் பேசினாலும் எரிந்து விழுகிறார் என்றால், பாதிக் காரணம் அவர் கையில் இருக்கும் அச்சு. இரண்டு கைப்பிடியையும் சேர்த்து அழுத்தும் பித்தளை அச்சு தலைமுறைக்கும் உழைக்கும். ஆனால் பலம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். நாலைந்து ஈடு தாண்டினாலே உள்ளங்கை கன்றிவிடும். எவர்சில்வர் திருகு அச்சில் அந்தப் பாரத்தை மரை வாங்கிக்கொள்கிறது. பண்டிகைக்கு ஒரே ஒரு சாமான் வாங்குவதென்றால் இதையே வாங்கச் சொல்வோம்.

கடையிலேயே வெறும் அச்சைக் கடைசிவரை திருகிப் பாருங்கள். நடுவில் கரகரத்தால் வேண்டாம். மாவைத் தள்ளும் தட்டுக்கும் குழாய்க்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி இருந்தாலும் வேண்டாம். மாவு கீழே இறங்காமல் மேலேறி மரையில் அப்பிக்கொள்ளும். துப்பாக்கி மாதிரி விசையை இழுத்துப் பிழியும் ரகம் பிஸ்கட் மாவுக்குச் சரி, அரிசி மாவின் இறுக்கத்துக்குத் தாங்காது.

திருகு இறுகினால் பலம் போட்டுத் திருகாதீர்கள், மரை தேய்ந்துவிடும். கோளாறு பெரும்பாலும் மாவில்தான் இருக்கும். தேன்குழலுக்கு 4 கப் அரிசி மாவு, வறுத்து அரைத்த உளுத்தம் மாவு 1 கப், வெண்ணெய் 2 மேஜைக்கரண்டி. வெண்ணெய் கூடினால் முறுக்கு எண்ணெயில் கரையும். இரண்டு மாவையும் நைஸ் சல்லடையில் சலித்தே ஆக வேண்டும். தேன்குழல் சில்லில் முழுச் சீரகம் இறங்கிவிடும்; ஓமப்பொடிச் சில்லின் துளையை அடைக்க ஒரு ஓமம் போதும். அதனால் ஓமத்தை அரைத்து, வடிகட்டிய தண்ணீரை மட்டும் சேருங்கள்.

மாவு முழுவதையும் ஒரே தடவையில் பிசைந்து வைப்பதில்தான் பதற்றம் ஆரம்பிக்கிறது. நேரமாக ஆக மாவு காயும், முறுக்கு சிவக்கும், கை அவசரப்படும். இரண்டு ஈடுக்கு மட்டும் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். தேன்குழல் கெடாத பண்டம், நாலு நாள் முன்னாலேயே முடித்துவிடலாம்.

குறையும் உண்டு. ஒரு கையால் அச்சைப் பிடித்து மறு கையால் திருக வேண்டியிருப்பதால் எண்ணெய்க்கு மேலே நேராகப் பிழிவது சிரமம். எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டுகளில் பிழிந்து, மெதுவாகக் கவிழ்த்துப் போட வேண்டும். இந்தக் குறைதான் பெரிய வசதியும்கூட. பிழிகிறவர் அடுப்புச் சூட்டில் நிற்க வேண்டியதில்லை. மேஜையில் உட்கார்ந்து வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் பிழிந்து தரலாம், ஒருவர் பொரித்தெடுத்தால் போதும். வேலை இரண்டாகப் பிரியாவிட்டால் எந்த அச்சு வாங்கியும் பயனில்லை.

முடிந்ததும் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்தால் ஊறிய மாவு வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மரையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு எடுத்து வையுங்கள்.