18,500 ரூபாய் போச்சு: 'குறைந்த செலவில் ஆன்லைன் விளம்பரம்' என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

ராத்திரி தூக்கமே இல்லை. காலையில் செக்கை ஓட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சின்னக் கடை வைத்திருப்பவர்கள் படியுங்கள். என்னென்ன பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கோபியில் எனக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு போகும். கரண்ட், கூலி, பாட்டில் எல்லாம் கழித்து லிட்டருக்கு 30 ரூபாய் கையில் நின்றால் பெரிது. 18,500 ரூபாய் திரும்ப வர 600 லிட்டருக்கு மேல் ஆட்டியாக வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்தான் தூக்கம் போனது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை. சிறு தொழில்களுக்கு ஆன்லைன் மார்க்கெட்டிங் செய்து தரும் ஏஜென்சியாம். பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டியிருக்கிறார்கள். வந்தவன் எடுத்த எடுப்பில் வியாபாரம் பேசவில்லை. செக்குப் பக்கத்தில் போய் நின்று, "எள்ளுக்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுறீங்களாண்ணா? எங்க ஆத்தா இப்படித்தான் சொல்லும்" என்றான். சூடான எள்ளுப் புண்ணாக்கை ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். அம்மாவுக்கு என்று அரை லிட்டர் நல்லெண்ணெய் கேட்டான், காசே வேண்டாம் என்று கொடுத்தனுப்பினேன்.

அடுத்த நாள் விவரம் வந்தது. 6 மாதத்துக்கு 14,500, விளம்பரத்துக்குத் தனியாக 4,000. ஆக மொத்தம் 18,500. "ஒரு நாளைக்கு நூறு ரூபாதாண்ணா, டீ வடை செலவு. தினம் 30 பேர் விசாரிச்சுப் போன் பண்ணுவாங்க." பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா 18 சதவீதம் சேரும், உங்களுக்கு எதுக்குண்ணா வீண் செலவு" என்றான். 3,330 ரூபாய் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஜிபே பண்ணினபோது திரையில் கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆள் பெயர் வந்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இது யாரு பேருங்க?" என்று கேட்டாள். "அக்கவுன்டன்டா இருக்கும்" என்று அவளுக்குப் பதில் சொன்னது நான்தான்.

ஒரு வாரத்தில் வந்து, கடைக்குள் நின்றே கூகுள் மேப்பில் 'மரச்செக்கு எண்ணெய்' என்று தேடிக் காட்டினான். என் கடை முதலில் வந்தது. எனக்கு ஒரே பெருமை. தேடுகிற ஆள் நிற்கும் இடத்துக்கு எது பக்கமோ அதைத்தான் மேப் முன்னால் காட்டப் பார்க்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கடைக்குள் நின்று தேடினால் என் கடை வராமல் வேறு யார் கடை வரும்? அப்புறம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மச்சான் தேடினான். எங்கள் கடை கண்ணிலேயே படவில்லை.

மாதம் 30 போஸ்டர் என்றார்கள், வந்தது ஏழு. ஒன்றில் கடலை எண்ணெய் என்று எழுதிவிட்டு ஆலிவ் காய் படம். இன்னொன்றில் என் போன் நம்பரில் ஒரு எண் தப்பு, அந்த நம்பர்காரர் எத்தனை பேரிடம் திட்டு வாங்கினாரோ. கடையின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு இரண்டாயிரம் ஃபாலோயர் சேர்ந்தார்கள். ஒருத்தர் பெயர்கூட நம்ம ஊர்ப் பக்கத்துப் பெயராக இல்லை.

விசாரித்து எத்தனை போன் வந்தது? மூன்று மாதத்தில் நாலு. அதில் ஒன்று கடன் வேண்டுமா என்று கேட்டது.

கேட்டால் முதலில் "அல்காரிதம் மாறிடுச்சுண்ணா". அப்புறம் "டீம்கிட்ட சொல்லியிருக்கேன்". அப்புறம் "நீங்க அனுப்புற போட்டோ குவாலிட்டி பத்தல". ஆபீசுக்குப் போன் போட்டால் ஒரு பொண்ணு, "சார் மீட்டிங்ல இருக்காருங்க". காலை பத்து மணிக்கும் மீட்டிங், ராத்திரி எட்டு மணிக்கும் மீட்டிங். நான் விடாமல் கேட்கவும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது, விளம்பரம் 48,000 பேருக்குப் போயிருக்கிறதாம். பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் மூலையில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பல் படம். ஏதோ பல் ஆஸ்பத்திரியின் கணக்கு!

அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். ஃபேஸ்புக் கம்பெனியே 'ஆட் லைப்ரரி' என்று ஒன்று வைத்திருக்கிறது, எந்தப் பக்கத்துக்கு இப்போது விளம்பரம் ஓடுகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றான். ஒரு மாதமாக அவ்வப்போது தேடிப் பார்த்தோம். என் பெயரில் ஒரு விளம்பரம்கூட ஓடவில்லை. அந்த 4,000 எங்கே என்று கேட்டதற்கு, "இன்னும் 6,000 போட்டா ரிசல்ட் தெரியும்ணா" என்று பதில். பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். ரீஃபண்ட் பாலிசி கிடையாதாம். நேற்று சாயங்காலத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான். 18,500 ரூபாய்க்கு ஒற்றை டிக்.

இதைவிட வயிறு எரிகிறது இன்னொன்றில். மேப்பில் என் கடைக்கு உரிமையாளர் அவர்களுடைய மெயில் ஐடி. என் கடை நேரத்தை நானே மாற்ற முடியாது. உரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கடை திறக்க நேரமாகிவிட்டது. மேப்பில் கடையைப் பதிய கூகுள் ஒரு பைசா வாங்குவதில்லை, வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பும் இலவசம். உங்கள் மெயிலிலேயே நீங்களே போடுங்கள். விளம்பரப் பணத்தை உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கட்டுங்கள், இன்னொருவன் கையில் கொடுக்காதீர்கள். முதல் இடம் வாங்கித் தருகிறேன் என்றால் வாசலோடு அனுப்புங்கள், மேப்பில் அந்த இடத்தைக் காசுக்குத் தருவதில்லை என்று கூகுளே சொல்கிறது. பில் இல்லாமல் பணம் தராதீர்கள்.

சைபர் கிரைம் 1930, நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டுக்கும் இன்றைக்குப் போன் போடப் போகிறேன். கையில் இருப்பது ஜிபே ரசீதும் அந்தப் பல் படமும்தான். இதே பல் படத்தை வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் கமென்டில் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.