பழைய பாய்மரப் படகுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? புரோக்கர் ஃபோனில் சொல்வதை நம்பாதீர்கள்

இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டன் பக்கம் பழைய பாய்மரப் படகு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். புரோக்கர் பெயரைப் போடவில்லை, பணத் தகராறு இன்னும் முடியவில்லை. ஆனால் நடந்த விதம் தெரிந்தால் அடுத்தவராவது தப்பிக்கலாம்.

படகு வெஸ்டர்லி சென்டார், 26 அடி, 1974-இல் கட்டியது. 1969 முதல் 1980 வரை இந்த ரகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அடியில் இரட்டைக் கீல் (படகுக்கு அடியில் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி) என்பதால் தண்ணீர் வற்றினாலும் சேற்றில் நிமிர்ந்து நிற்கும், குடும்பத்தோடு போக இடம் உண்டு, விலையும் கைக்கு எட்டும். இதன் பலவீனமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கீல் படகின் உடம்போடு சேரும் இடத்தில் ஃபைபர் விரிசல் விடும், அந்த வழியாகத் தண்ணீர் போய் போல்ட் துருப்பிடிக்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சில நேரம் படகின் விலையையே தாண்டிவிடும்.

கேட்ட விலை 6,500 பவுண்டு. பார்க்கப் போன அன்று காலையில் இன்ஜின் மூடியைத் திறந்து கை வைத்தேன், சூடாக இருந்தது. பழைய டீசல் இன்ஜினின் லட்சணம் ஆறிக் கிடக்கும்போது போடும் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும், எவ்வளவு நேரம் திணறுகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று. கேட்டதற்கு, பேட்டரி சார்ஜ் ஏற்ற ஓட்டினோம் என்றார் புரோக்கர். உள்ளே தரைப் பலகையைத் தூக்கினால் கீல் போல்ட்டுகள் மேல் புத்தம் புதிய சாம்பல் பெயின்ட், வாசனைகூடப் போகவில்லை. பாய் கட்டும் கம்பமான மாஸ்ட்டைத் தாங்கும் கம்பிகள் எப்போது மாற்றியவை என்பதற்கு ரசீது இல்லை. பத்து வருடத்துக்கு மேல் பழைய கம்பி என்றால் இங்கே பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் கேள்வி கேட்பார்கள். இதையெல்லாம் சொல்லிப் பேரம் பேசி 5,700-க்கு இறக்கினேன். சர்வே, அதாவது நிபுணர் படகைச் சோதித்துத் தரும் அறிக்கை, திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்து, பத்து சதவீதம், அதாவது 570 பவுண்டு அட்வான்ஸ் கொடுத்தேன். விற்பவர் காட்டிய பழைய சர்வே ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு நானே ஒரு சர்வேயரைப் பிடித்தேன். படகைத் தூக்கும் கிரேன் கூலியும் வாங்குபவர் தலையில்தான்.

சர்வேயர் சின்னச் சுத்தியலால் கீல் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தார். டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமாகிவிட்டது. சுரண்டினால் புது பெயின்ட்டுக்கு அடியில் ஃபில்லர் (விரிசலை மறைக்கப் பூசும் பசை), அதற்கு அடியில் உள்ளங்கை நீளத்துக்கு விரிசல், அதிலிருந்து பழுப்பாகத் துருத்தண்ணீர் கசிந்தது. தெரியாமல் விட்டதாக இருந்தால் ஃபில்லர் எதற்கு?

ஏமாற்று அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பெரிய குறை இருந்தால், சர்வே முடிந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்து விலகலாம், அட்வான்ஸ் திரும்ப வரும் என்பது ஒப்பந்தம். ரிப்போர்ட்டை உடனே புரோக்கருக்கு மெயிலில் அனுப்பினேன். அவர் ஃபோன் செய்தார். "அவசரப்பட்டு லெட்டர் எதுவும் எழுதாதீர்கள், ஓனர் விலை குறைக்கத் தயார், நான் பேசி முடிக்கிறேன்" என்றார். அப்புறம் ஓனர் வெளியூர், அடுத்த வாரம் பேசலாம் என்று இழுத்தடித்தார். கெடு முடிந்த மறுநாளே மெயில் வந்தது: நீங்கள் முறைப்படி விலகவில்லை, எனவே படகை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும், வாங்காவிட்டால் அட்வான்ஸ் கிடையாது. ஃபோனில் பேசியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இங்கே படகு புரோக்கர் தொழிலுக்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் அட்வான்ஸ் பணம் தனி வாடிக்கையாளர் கணக்கில் இருக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். சர்வேயில் குறை வந்தால் பேரம் ஒருபக்கம் நடக்கட்டும், விலகும் உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று அன்றைக்கே மெயில் போட்டுவிடுங்கள். விலை ஒத்துவந்தால் புதிதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். ஃபோனில் எது பேசினாலும், நீங்கள் இப்படிச் சொன்னீர்கள் என்று உடனே எழுதி அனுப்புங்கள். இன்னொன்று, இவர்கள் காட்டிய சிறு கப்பல் பதிவேட்டுச் சான்றிதழ் உரிமைக்கு ஆதாரமே இல்லை. அதில் கடன் விவரமும் இருக்காது. முந்தைய விற்பனைப் பத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள்.

தனிநபர் விற்பனையில் கடையில் வாங்குவது போன்ற பாதுகாப்பு கிடையாது. ஆனாலும் பொய் சொல்லி விற்றால் கேட்க வழி உண்டு. 10,000 பவுண்டு வரைக்கும் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். வழக்குக்கு முந்தைய நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். பாதியைத் தருகிறோம் என்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அதே படகு இப்போது மறுபடி விளம்பரத்தில் வந்திருக்கிறது, அதே படங்கள், 'கீல்கள் நல்ல நிலையில்' என்ற வரியோடு. உள்ளே சாம்பல் பெயின்ட் அடித்த 1974 சென்டாரைப் பார்க்கப் போகிறவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சர்வேயில் என்ன வந்தது என்று முழுதாகச் சொல்கிறேன்.