செயற்கை உமிழ்நீர் பாட்டில்: வாய் நனையும், வீக்கம் வடியாது

மருந்துக்கடையில் "வாய் காய்ஞ்சுபோகுது" என்று கேட்டால் கிடைக்கும் செயற்கை உமிழ்நீரில் பெரும்பாலும் இருக்கும் முக்கியச் சரக்கு இரண்டு: கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ், கிளிசரின். கஞ்சித்தெளிவைவிடச் சற்றுக் கெட்டி, லேசான இனிப்பு. ஜிபிஏ என்கிற ரத்தநாள அழற்சி உமிழ்நீர்ச் சுரப்பியையும் பிடித்தவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதே இங்கே பேச்சு. 2011 வரை வெக்னர் நோய் என்று சொல்லிவந்த அதே நோய்தான். மூக்கு, நுரையீரல், சிறுநீரகத்தைத்தான் அதிகம் தாக்கும். காதடி, தாடையடிச் சுரப்பிகளுக்கு வருவது அபூர்வம்.

வாங்குமுன் வாய் நிஜமாகவே வறண்டிருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்துவிட்டு, ஊறும் எச்சிலை 15 நிமிஷம் சின்னக் கிண்ணத்தில் துப்பி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் உறிஞ்சிப் பாருங்கள். 1.5 மில்லி தேறாவிட்டால் சுரப்பு குறைவு. அதற்கு மேல் வந்தும் வாய் காய்ந்தால், மூக்கில் பொருக்கு அடைத்து இரவெல்லாம் வாயால் மூச்சு விடுவது காரணமாக இருக்கலாம். மூக்குக்குப் போடும் செட்டிரிசின் போன்ற மாத்திரையும் காயவைக்கும்.

5 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு நிமிஷம் உருட்டி, நாக்கின் அடியிலும் படவிட்டுத் துப்புங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன் போட்டால் சோறு தொண்டையில் நிற்காது. ஆனால் பலன் நெடுநேரம் நிற்காது. அக்னி நட்சத்திர வெயிலில் இன்னும் சீக்கிரம் காய்ந்துவிடும். இரவுக்கு ஜெல் மேல். தண்ணீர் விட்டு நீர்க்கவைத்தால் ஒட்டும் தன்மை போய்விடும். பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தால் கிருமி உள்ளே போகும். எலுமிச்சைச் சுவை வேண்டாம்: pH அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையும், கழுவிவிட எச்சிலும் இல்லை.

நம் பக்கத்தில் பார்க்கிற பெரிய தப்பு, எச்சில் ஊறட்டும் என்று கருப்பட்டித் துண்டை நாள் முழுக்க வாயில் ஒதுக்குவது. ஊறத்தான் செய்யும், கூடவே கடைவாய்ப் பல் கழுத்தோரம் சொத்தை விழும். அல்வா பல் இடுக்கில் ஒட்டினால் தானாகக் கழுவிப்போகாது. தின்ற கையோடு வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு நாக்கில் வெள்ளைப் படலமும் எரிச்சலும் வந்தால் அது பூஞ்சை. அதற்கு க்ளோட்ரிமசோல் போன்ற மருந்துதான் வேண்டும், இந்த பாட்டில் போதாது.

பைலோகார்பின் மாத்திரை சுரப்பியை வேலை வாங்குவது. சுரப்பியில் உயிருள்ள திசு மிச்சம் இருந்தால்தான் பயன். ஆஸ்துமா, குறுகிய கோணக் கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

வறட்சிக்கு இந்தப் பாட்டிலை மனதாரப் பரிந்துரைக்கிறோம். வீக்கத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். காதடியில் வீங்கினால் வீட்டில் பொன்னுக்கு வீங்கி என்று பற்றுப் போடுவார்கள். அது சுமார் பத்து நாளில் வடியும். எச்சில் குழாயில் கல் அடைப்பு என்றால் சாப்பிடும்போது விம்மி, பிறகு அடங்கும். ஜிபிஏ வீக்கம் கெட்டியாக நிற்கும், ஆன்டிபயாடிக்குக்கு அசையாது. கூடவே மூக்கில் ரத்தப் பொருக்கு, காது மந்தம், ஸ்ட்ராபெரி போலச் சிவந்து தடித்த ஈறு, வாய் ஒரு பக்கம் கோணுவது, இதில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. புதிதாகப் பிடித்த சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் வலியில்லாமலே கெடும். கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை), மார்புப் படம், பிஆர்3 ஆன்கா (இந்த நோயில் வரும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தச் சோதனை) மூன்றும் வேண்டும். நோய் ஒரு இடத்தோடு நிற்கும்போது ஆன்கா நெகட்டிவாகவும் வரலாம். அதை வைத்து இல்லை என்று தீர்ப்பு எழுதக்கூடாது.

ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசியில் சில செல்கள்தான் வரும், ரத்தக்குழாய்ச் சுவர் தெரியாது. திசுவாக எடுத்த பயாப்சிதான் சொல்லும். அதிலும் கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்ட முடிச்சு, டிபியிலும் வரும்) என்று மட்டும் வந்தால் நம் ஊரில் முதலில் டிபி மாத்திரை ஆரம்பித்துவிடுவது உண்டு. டிபி கிருமிச் சோதனைக்கு ஒரு துண்டு தனியாக, ஃபார்மலினில் போடாமல் போகவேண்டும். ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் (திசுவை மெழுகில் பதித்த கட்டி) கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவர் ரத்தக்குழாயைத் தேடிப் பார்க்கப் பெரும்பாலும் அதுவே போதும். முகநரம்பு ஓடும் சுரப்பியில் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்காது.