மெனுவில் தோன்றாத செயலி: மெனுலிப்ரேவா, டெஸ்க்டாப் கோப்பா?

நிறுவிய செயலி லினக்ஸ் மெனுவில் தோன்றாதபோது, மெனுவைத் திருத்த உதவும் மெனுலிப்ரே என்னும் கருவியை நாடுவதா, செயலியின் பெயரையும் கட்டளையையும் மெனுவுக்குச் சொல்லும் டெஸ்க்டாப் கோப்பைக் கையால் திருத்துவதா என்று பலர் தயங்குகின்றனர்.

எளிமை: மெனுலிப்ரேவில் பெயரையும் கட்டளையையும் நிரப்பிச் சேமித்தால் போதும், கோப்பைத் திருத்துவோர் அதன் அமைப்பை அறிந்திருக்க வேண்டும்.

காரணம் அறிதல்: இங்கே கோப்பு வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. மெனுவில் காட்டாதே என்று சொல்லும் ‘நோடிஸ்ப்ளே’ (NoDisplay) வரியின் மதிப்பு ‘ட்ரூ’ (true) என்றிருப்பதோ, ‘ட்ரைஎக்ஸெக்’ (TryExec) வரி சுட்டும் நிரல் கணினியில் இல்லாதிருப்பதோ, ‘ஒன்லிஷோஇன்’ (OnlyShowIn) வரி வேறொரு பணிச்சூழலை (நோம், கேடிஇ போன்றதை) மட்டும் குறிப்பதோ செயலியை மறைத்திருந்தால், கோப்பை வரிவரியாகப் படிக்கும்போது அது தெளிவாகப் புலப்படும். ‘டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட்’ (desktop-file-validate) கட்டளை வடிவப் பிழைகளையும் காட்டும்.

நிலைப்பு: மெனுலிப்ரே பயனரின் இல்ல அடைவிலேயே (அவரது சொந்தக் கோப்புறையிலேயே) எழுதுகிறது, கையால் திருத்துவோரும் மூலக் கோப்பைத் தொடாமல், அதே பெயரில் இல்ல அடைவுக்கு நகலெடுத்துத் திருத்தினால், புதுப்பிப்புகள் அதை அழிப்பதில்லை.

நிறுவாமலே ஒற்றைக் கோப்பாக இயங்கும், மெனுப் பதிவே இல்லாமல் வரும் ஆப்இமேஜ் செயலிகளுக்கு மெனுலிப்ரே போதுமானது. பதிவு இருந்தும் மறைந்திருக்கும் செயலிகளுக்குக் கோப்பையே திறந்து பாருங்கள்.