பிஎல்சி புரோகிராம்: பிரவுசரில் எழுதுவதா, லேப்டாப்பில் எழுதுவதா?

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்குப் புது கன்ட்ரோல் பேனல் கட்டிக் கொடுத்தோம். மோட்டார்களை எப்போது ஓட்டுவது, நிறுத்துவது என்று முடிவு செய்யும் பிஎல்சி என்கிற கன்ட்ரோலர் அதற்குள் இருக்கும். கிழங்கு கழுவும் டிரம், அதைத் துருவும் ராஸ்பர், சல்லடை, கிழங்குப் பாலை ஏற்றும் பம்ப் என்று வரிசையாக ஓடும் மோட்டார்கள். பின்னால் சல்லடை நின்றால் முன்னால் ராஸ்பரும் நிற்க வேண்டும், தொட்டி நிரம்பினால் பம்ப் நிற்க வேண்டும் என்கிற மாதிரி இன்டர்லாக்குகள்தான் புரோகிராமில் பெரும்பகுதி. எந்த மென்பொருளில் எழுதுவது என்பதைக் கன்ட்ரோலர் வாங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் இரண்டும் ஜோடியாகத்தான் வரும். நாங்கள் எடுத்தது லேப்டாப்பில் நிறுவும் கோடெசிஸ் என்கிற எடிட்டர். பிரவுசரை ஆபரேட்டர் பார்க்கும் திரைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஏன் என்று சொல்கிறேன்.

பிரவுசர் கருவிகளின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: எதையும் நிறுவ வேண்டாம், எந்தக் கணினியிலும் திறக்கலாம், அப்டேட் தானே வரும், இரண்டு பேர் ஒரே வேலையைப் பார்க்கலாம். உண்மைதான்.

ஆனால் 'வெப் பிஎல்சி' என்று விற்பவர்கள் மூன்று வேறு விஷயங்களை ஒரே பெயரில் கலந்து சொல்கிறார்கள். ஒன்று, எடிட்டரே கிளவுடில் இருப்பது. சீமென்ஸின் சிமாட்டிக் ஏஎக்ஸின் பிரவுசர் வடிவம், ராக்வெல்லின் ஃபேக்டரிடாக் டிசைன் ஸ்டுடியோ இந்த வகை. இரண்டு, கன்ட்ரோலர் பெட்டியே ஒரு வெப் பக்கத்தைக் கொடுப்பது. ஓப்பன்பிஎல்சி ரன்டைம் மூன்றாம் பதிப்பு அப்படித்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் புரோகிராமை ஏற்றலாம், ஓட்டலாம், நிறுத்தலாம், எழுத முடியாது. எழுதுவதற்குத் தனி எடிட்டர் லேப்டாப்பில் வேண்டும். மூன்று, வெறும் திரை. கோடெசிஸின் வெப்விசு இதுதான். மொபைலில் மோட்டார் ஓடுவதைக் காட்டி "எல்லாமே வெப்தான் சார்" என்று ஒருவர் சொன்னால், அது மூன்றாவது வகையா என்று முதலில் கேளுங்கள்.

இனி எங்களுக்கு முடிவைத் தீர்மானித்த ஒரே கேள்வி: ஐந்து வருடம் கழித்து இந்தப் புரோகிராமை யார், எதை வைத்துத் திறப்பார்கள்?

சேலத்தைச் சுற்றியுள்ள ஆலைகளில் பழைய பேனலைத் திறந்தால் வழக்கமாகக் காண்பது இதுதான். கன்ட்ரோலர் நன்றாக ஓடுகிறது, புரோகிராம் ஃபைல் இல்லை. எழுதியவர் கோயம்புத்தூருக்கோ துபாய்க்கோ போய்விட்டார். அவர் லேப்டாப்பில் இருந்தது அவரோடு போயிற்று. முதலாளியிடம் ஒரு பென்டிரைவ் இருக்கும்; அதில் இருப்பது கடைசித் திருத்தத்துக்கு முந்தைய ஃபைலாக இருக்கும். ஒரு சென்சார் மாற்ற வேண்டுமென்றால்கூட முதலிலிருந்து எழுத வேண்டிய நிலை. சீசன் நேரத்தில் லோடு லோடாகக் கிழங்கு வந்து இறங்கும். வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அப்போது இது விளையாட்டல்ல.

இந்த இடத்தில் கோடெசிஸ் தரும் ஒரு வசதி எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. மூல புரோகிராமையே, அதில் பயன்படுத்திய லைப்ரரிகள், டிவைஸ் விவரங்களோடு சேர்த்து, கன்ட்ரோலரின் நினைவகத்தில் போட்டு வைக்கலாம். நாளைக்கு யாரோ ஒருவர் கேபிளைச் செருகி, கடவுச்சொல் தெரிந்தால், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஃபைல் எங்கே என்று தேட வேண்டாம். ஓடும் இடத்திலேயே இருக்கிறது. எப்போது போட வேண்டும் என்பதற்குத் தேர்வு உண்டு. 'ஒவ்வொரு டவுன்லோடுக்கும் தானாக' என்று வைத்துவிடுவது எங்கள் வழக்கம். எடிட்டர் இலவசம். ஒரே லேப்டாப்பில் பல பதிப்புகளை அருகருகே வைக்கலாம், பழைய புராஜெக்டைப் பழைய கம்பைலரிலேயே வைத்திருக்கலாம். அது விண்டோஸில் மட்டும் ஓடுவது ஒரு தொல்லைதான். அதற்காக விண்டோஸையும் எடிட்டரையும் ஒரு விர்ச்சுவல் மெஷினாக்கி (எந்தக் கணினிக்குள்ளும் ஓட்டக்கூடிய இன்னொரு கணினி மாதிரி), ஹார்டு டிஸ்கில் போட்டு முதலாளியிடமே கொடுத்துவிட்டோம்.

ஓர் எச்சரிக்கை. 'கோடெசிஸ் அடிப்படையில்' என்று சொல்லும் எல்லா பிராண்டையும் அந்தப் பொது எடிட்டரில் திறக்க முடியாது. ஷ்னைடர் எம்241-க்கு அவர்களுடைய மெஷின் எக்ஸ்பர்ட் வேண்டும். அதே வீட்டுத் தம்பி எம்221-க்கு கோடெசிஸோடு சம்பந்தமே இல்லாத வேறொரு மென்பொருள். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளவுட் எடிட்டரில் இந்த ஐந்து வருடக் கணக்கு வேறு மாதிரி. ஃபைல் தொலையாது, அது பெரிய நிம்மதி. சிமாட்டிக் ஏஎக்ஸில் புரோகிராம் வெறும் எழுத்தாகவே இருப்பதால், மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்கிற கருவி வழியாக யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று பார்க்கலாம். கன்ட்ரோலர் இல்லாமலே லாஜிக்கைச் சோதிக்கலாம். கோடெசிஸில் கிட் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். புராஜெக்ட் ஃபைலும் எழுத்தாகப் படிக்கக்கூடியதல்ல. இதில் பிரவுசர் பக்கம்தான் வெற்றி, மறுக்க மாட்டேன். ஆனால் சந்தா கட்டுவது யார்? நாங்கள் கட்டினால் ஆலை எங்களை நம்பியே இருக்க வேண்டும். ஆலை கட்டினால், வருடம் முழுக்கத் தொடாத ஒரு மென்பொருளுக்குப் பணம் போவதை எந்த முதலாளியும் ஒரு நாள் நிறுத்திவிடுவார்.

இன்னொன்று, படிக்கத் தெரிய வேண்டும். ஏஎக்ஸின் மையம் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட், அதாவது வரி வரியாக எழுதும் மொழி. ஆலை எலக்ட்ரீஷியனுக்குத் தெரிந்தது லேடர், வயரிங் படம் மாதிரி வரையும் மொழி. ரிலே வயரிங் படித்த கண்ணுக்கு லேடர் உடனே புரியும், எந்த கான்டாக்ட் மூடவில்லை என்று திரையில் தெரியும். "லேடர்ல குடுங்கண்ணே, ராத்திரி உங்களைக் கூப்பிடாம நானே பார்த்துக்கிறேன்" என்றார் அங்கிருந்த எலக்ட்ரீஷியன் தம்பி. அந்த ஒரு வாக்கியத்துக்கு எங்களிடம் எதிர்வாதம் இல்லை. ஃபேக்டரிடாக் டிசைன் ஸ்டுடியோவில் லேடர் உண்டு, ஆனால் அது ராக்வெல்லின் லாஜிக்ஸ் கன்ட்ரோலர்களுக்கானது. சேகோ ஃபேக்டரி பட்ஜெட்டில் அந்தப் பேச்சு நீளாது. இந்தக் கிளவுட் கருவிகளை நாங்கள் மேசையில் வைத்துப் பார்த்ததோடு சரி, ஒரு சீசன் முழுக்க ஆலையில் ஓட்டியதில்லை. பத்துப் பொறியாளர்கள் ஒரே லைனில் வேலை செய்யும் பெரிய ஆலைக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

நெட் பற்றிச் சுருக்கமாக. கன்ட்ரோலர் ஆலையில், எடிட்டர் எங்கோ. நடுவில் லைன் போனால் ஓடும் பிஎல்சி நிற்காது, திருத்தம்தான் நிற்கும். ஆத்தூர் ரோட்டில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏற்காடு எஸ்டேட்டில், சிக்னல் போன பிறகு காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மோட்டாரின் லாஜிக்கைத் திருத்த நினைத்துப் பாருங்கள்.

கட்டங்களைக் கோடுகளால் இணைத்துப் புரோகிராம் செய்யும் நோட்-ரெட் என்கிற கருவியைப் பற்றியும் கேட்பார்கள். 2013-இல் ஐபிஎம்-இல் பிறந்தது, முழுக்க பிரவுசரிலேயே வரையலாம், ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கணினியிலும் ஓடும். தொட்டி மட்டத்தை மொபைலுக்கு அனுப்ப அருமையானது. இன்டர்லாக்கை அதில் போடாதீர்கள். பிஎல்சி 10 அல்லது 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை தவறாமல் சுற்றி வரும். அந்த உறுதி இதில் கிடையாது.

வெப்விசுவை வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்விப்பா நகரக் குடிநீர் வாரியத்தில், இணையத்தில் திறந்து கிடந்த ஒரு யூனிட்ரானிக்ஸ் கன்ட்ரோலருக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். அதன் பிறகு அங்குள்ள சைபர் பாதுகாப்பு அமைப்பு சொன்ன யோசனைகளில் ஒன்று, 1111 என்ற ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்பது. நாங்கள் விபிஎன் என்கிற பூட்டிய தனி இணைப்பு வழியாக மட்டும் கொடுத்திருக்கிறோம். முதலாளிக்கு அது ஒரு பட்டன் கூடுதல். முதல் வாரம் முணுமுணுத்தார், இப்போது கேட்பதில்லை.

லேடரோடு, ஆலைக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டியில் ஓடும், சந்தா நின்றாலும் திறக்கும் பிரவுசர் எடிட்டர் எங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைத்தால் அடுத்த பேனலை அதில்தான் எழுதுவேன். அதுவரைக்கும் லேப்டாப்.