சலமன்காவில் படித்த ஸ்பானிஷ் கல்லடியில் எவ்வளவு மிஞ்சியது?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டோடு சேர்ந்த அறைகளைச் சுற்றுலாக்காரருக்கு விடுகிறோம். ஓகஸ்ட் வந்தால் ஸ்பெயின்காரர் வரத்து கூடும். அங்கே பாதி நாடே லீவில் கிளம்புகிற மாதம் அது. இங்கே தெற்கும் மேற்கும் பருவக்காற்றில் கிடக்க, பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் கடல் நல்லா இருக்கிற காலமும் அதுதான். சுவிஸில் அக்கா மகளின் சாமத்தியவீட்டுக்கு விசா கிடைத்தபோது, அதே ஷெங்கன் விசாவில் ஸ்பெயினுக்கும் போய் சலமன்கா என்ற ஊரில் ஒரு மொழிப் பள்ளியில் சேர்ந்தேன். சில வருடம் ஆகிவிட்டது. வந்த சூட்டில் எழுதியிருந்தால் எல்லாமே அருமை என்றிருப்பேன். எது நின்றது, எது கரைந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

முதலில் ஊர். பார்சிலோனாதான் எல்லாருடைய வாயிலும் வரும். ஆனால் அங்கே தெருப்பலகை, பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுக் கதை எல்லாவற்றிலும் கத்தலானும் கலந்து நிற்கும். வலென்சியாவில் வலென்சியானோ. தெற்கே அந்தலூசியாப் பக்கம் சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள், புதிதாகப் படிக்கிறவருக்கு அது தலையிடி. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் சலமன்கா. நடந்தே சுற்றிவிடலாம், சனமும் தெளிவாகக் கதைக்கும். இந்தத் தெரிவில் எனக்கு இன்றுவரை மனக்குறை இல்லை.

வகுப்பு சுமார். கிழமைக்கு 20 பாடம், காலையில் நாலு. ஆசிரியை கெட்டிக்காரி, ஸ்பானிஷ் தவிர வேறெதிலும் வாய் திறக்கமாட்டார். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் ஜெர்மன்காரர், பிரேசில்காரர் எல்லாரும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். கோடையில் போனால் இதுதான் நிலைமை.

காசுக்கு மேலாகக் கிடைத்தது தங்கின வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. சாப்பிட்டு முடிந்ததும் யாரும் எழும்பமாட்டார்கள். மூன்று மணிச் செய்தி ஓடும், அதைத் திட்டுவார்கள், பிறகு மருமகளைத் திட்டுவார்கள். வகுப்பில் ஒரு கிழமை இழுத்த வினைச்சொல்லெல்லாம் அந்த மேசையில் ஒரு பின்னேரத்தில் காதில் ஏறிவிடும். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். தன்னை ‘தூ’ என்றே கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினார். அது நம்முடைய ‘நீ’. அந்த வயது மனிசியை அப்படிக் கூப்பிட நம்ம வாய் வருமா? கடைசிவரை ‘உஸ்தேத்’, அதாவது ‘நீங்கள்’, போட்டே கதைத்தேன். அவருக்கு அது பெரிய பகிடி. சாப்பாட்டில் மட்டும் கவனம் வேண்டும். பருப்புக் கறி என்று நம்பி அள்ளினால் உள்ளே சொரிசோ என்ற பன்றி இறைச்சி சொசேஜ் கிடக்கும்; ‘இறைச்சி இல்லை’ என்று சொல்லித் தரும் தட்டில் ஹாம் இருக்கலாம். பன்றி, மாடு, கோழி, மீன் ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் தவிர்க்கப் பழகுங்கள். நல்ல மொழிப் பயிற்சியும்கூட.

இனி முக்கியமான விசயம். புத்தகம், செயலி எல்லாம் இங்கிலீஷ் வழியாகவே ஸ்பானிஷைச் சொல்லித் தருகின்றன. தமிழ் தெரிந்தவருக்கு அது சுற்றுப்பாதை. ‘எனக்கு மீன் பிடிக்கும்’, ‘எனக்குக் கால் நோகுது’, ‘எனக்கு அப்படித்தான் படுது’ என்ற இந்த அமைப்பு ஸ்பானிஷிலும் அப்படியே இருக்கிறது. இங்கிலீஷ்காரர் நாள்கணக்கில் முட்டிக்கொண்டு நின்ற பாடத்தை ஆசிரியை தொடங்க முதலே நான் பிடித்துவிட்டேன். வினையின் வாலைப் பார்த்தே ஆள் யாரென்று தெரிவதால் ‘நான்’, ‘நீ’ எல்லாவற்றையும் நம்மைப்போல விட்டுவிடலாம். இங்கிலீஷில் ஒரே வினை நிற்கிற இடத்தில் ஸ்பானிஷில் ‘எஸ்தார்’, ‘ஸேர்’ என்று இரண்டு. ‘மட்டக்களப்பில இருக்கிறன்’, ‘களைச்சுப்போய் இருக்கிறன்’ என்று நாம் ‘இரு’வைப் போடுகிற இடங்களில் பெரும்பாலும் ‘எஸ்தார்’. ‘நான் டொக்டர்’ என்று வினையே இல்லாமல் முடிக்கிற இடத்தில் ‘ஸேர்’. முழுக்கப் பொருந்தாதுதான், ஆனாலும் தொடக்கத்துக்குப் போதும். ஞகரமும் ரகரமும் நம்மிடம் ஏற்கனவே உண்டு. மாட்டிக்கொண்டது பால் விசயத்தில். மேசை பெண், புத்தகம் ஆண். அஃறிணை என்று ஒரு மூலையில் ஒதுக்கிவைத்துப் பழகின மூளைக்கு இதில் நியாயமே கிடையாது; மனப்பாடம்தான். பசியும் வயதும் அங்கே ‘வைத்திருக்கிற’ பொருள்கள், ‘பசி வைத்திருக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள்; அதுவும் தனிக் கணக்கு.

ஊருக்கு வந்தபின் நிகழ்காலம் நின்றது. கடந்தகாலம் இரண்டு வகை, தொடக்க வகுப்பில் அரைகுறையாகத் தொட்ட பகுதி, சீக்கிரம் போய்விட்டது. ஒரு பறுவம் இரவு விருந்தாளிகளை வாவியில் பாடுமீன் கேட்கக் கூட்டிப்போனோம். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைக்கச் சொல்வது வரை சமாளித்தேன். ‘முந்தி இன்னும் நல்லாக் கேட்கும்’ என்பதைச் சொல்ல நாக்கு புரளவில்லை. தோணிக்கார மாமா, ‘என்ன மனே, படிச்சனெண்டு சொன்னாய், மறுகா என்ன முழிக்கிறாய்?’ என்று கேட்டே விட்டார். அந்த மாரியில் ஆள்வரத்து இல்லாத நேரம் பார்த்து ஸ்பெயின் அரச வானொலியை இணையத்தில் போட்டுக் கேட்டுக் கேட்டு அந்த இரண்டு காலத்தையும் திரும்பப் பிடித்தேன். நாள் தவறாமல் படித்தால் செயலி தரும் தீச்சுடர் படம் அதற்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

சான்றிதழ் தேவையென்றால் ஸ்பானிஷ் மொழித் தேர்ச்சிக்கு இரண்டு சோதனை உண்டு. டெலே எடுத்தால் அது காலாவதியாகாது. சியெலே ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். விருந்தாளிகளோடு கதைக்க இரண்டும் வேண்டாம்.

இன்னொரு தரம் போகக் கிடைத்தால் வகுப்பு நேரத்தைப் பாதியாக்கி, அந்தக் காசில் வீட்டில் தங்கும் நாளைக் கூட்டுவேன். போகிறவர்கள் விண்ணப்பப் படிவத்திலேயே வேறு மாணவர் தங்காத வீடு வேண்டும் என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் அடுத்த அறை ஜெர்மன் பொடியனோடு இங்கிலீஷ் கதைத்துவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான்.